கரையிலே உட்கார வைக்காதீர்கள்!

2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம். தென்கொரியா நாட்டில் இன்சியான் என்ற நகரம்.

ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி அங்கே நடந்தது. உடலில் குறை உள்ள வீரர்களுக்காக நடத்தப்படும் பெரிய போட்டி அது.

ஆண்களுக்கான 200 மீட்டர் மெட்லி நீச்சல் பந்தயத்தில் இந்திய வாலிபர் ஒருவர் இறங்கினார். பெயர் சரத் கெய்க்வாட். ஊர் பெங்களூர். பிறவியிலேயே அவருடைய இடது கை சரியாக வளரவில்லை.

அந்தக் கையோடு நீந்தினார். வெள்ளிப் பதக்கம் பெற்றார்!

அந்த ஒரே விழாவில் அவர் வாங்கிய பதக்கங்கள் மொத்தம் 6. ஓட்டப் பந்தய வீராங்கனை பி.டி.உஷா 1986-ம் ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் வாங்கியவை 5. அதையும் தாண்டிவிட்டார் இந்த வாலிபர்.

"சந்தோஷம்தான். ஆனால் பெங்களூர் வாலிபருக்கும் பழவேற்காட்டு மீனவர் குப்பங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது.

பெங்களூரில் கடல் கிடையாது. பழவேற்காட்டில் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஏரி. வாசலில் இறங்கி நாலு எட்டு வைத்தால் தண்ணீர்.

கடல் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை நாலு விதமாக நீந்தக் கற்றுக்கொண்டு உலகத்தை வலம் வந்தது. கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு காலோ, கையோ, கண்ணோ சரியில்லை என்றால், "நீ கரையிலேயே இரு" என்று உட்கார வைத்துவிடுகிறோம்.

இது சரியா? சரியல்ல என்பதுதான் நம் அபிப்பிராயம். ஏன் என்பதைச் சொல்லுவோம்.

கதம்பம் போல ஒரு பந்தயம்

மெட்லி என்றால் கலவை என்று பொருள். நாலு வகைப் பூவைச் சேர்த்துக் கட்டினால் கதம்பம். நாலு வகை நீச்சலைச் சேர்த்து நீந்தினால் மெட்லி.

முதலில் பட்டாம்பூச்சி நீச்சல். இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, இரண்டு கால்களையும் சேர்த்து அடித்துப் போக வேண்டும். நாலிலும் மிகவும் கஷ்டமானது இதுதான்.

இரண்டாவது, மல்லாந்த நீச்சல். முகம் வானத்தைப் பார்த்திருக்கும். சுவர் எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, மார்பு நீச்சல். தவளை நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே மாதிரி.

நாலாவது, இஷ்ட நீச்சல். முதல் மூன்றிலும் சேராத எந்த விதமாகவும் நீந்தலாம். கையை மாற்றி மாற்றி வீசிப் போகும் நீச்சல்தான் வேகமானது. ஆகவே எல்லோரும் அதையே நீந்துகிறார்கள்.

ஒவ்வொன்றும் 50 மீட்டர். ஆக மொத்தம் 200 மீட்டர்.

ஒரு நீச்சலில் கெட்டிக்காரனாக இருந்தால் இதில் ஜெயிக்க முடியாது. நாலும் தெரிய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தவறு செய்தால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

ஒரு கை குட்டையாக இருப்பவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பக்கத்து இழுப்பு அதிகம். மறு பக்கத்து இழுப்பு குறைவு. உடம்பு கோணலாகப் போகப் பார்க்கும். காலாலும் இடுப்பாலும் அதை நேராக்கிக்கொண்டே நீந்த வேண்டும்.

உடல் குறை மிகவும் அதிகமாக உள்ளவர்களுக்கு மெட்லி 150 மீட்டர்தான். அவர்களுக்குப் பட்டாம்பூச்சி நீச்சல் கிடையாது. மற்ற மூன்றையும் நீந்தினால் போதும்.

யாரோடு யார் போட்டி?

"ஒருவருக்கு ஒரு விரல் இல்லை. இன்னொருவருக்கு இரண்டு காலும் இல்லை. இருவரையும் ஒரே பந்தயத்தில் விட்டால் நியாயமா?" என்று கேட்கலாம்.

நியாயமில்லை. அதனால்தான் வகுப்பு பிரிக்கிறார்கள்.

கை, கால், முதுகெலும்பு ஆகியவற்றில் குறை உள்ளவர்களுக்கு 1 முதல் 10 வரை எண்கள். எண் குறையக் குறைய உடல் குறை அதிகம் என்று அர்த்தம். பார்வைக் குறை உள்ளவர்களுக்கு 11, 12, 13. அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கு 14. சரத் கெய்க்வாட் மெட்லியில் 8-ம் எண் வகுப்பில் நீந்தினார்.

செயற்கைக் கால், செயற்கைக் கை எதையும் மாட்டிக்கொண்டு நீந்தக் கூடாது. தன் உடம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே இறங்க வேண்டும்.

11-ம் எண் வகுப்பில் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி அணிவார்கள். கொஞ்சம் வெளிச்சம் தெரிபவருக்கும் ஒன்றும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது அல்லவா? சுவர் நெருங்கும்போது, கரையில் நிற்கும் உதவியாளர் நீளமான கழியின் நுனியால் அவரை மெல்லத் தட்டுவார். "சுவர் வந்துவிட்டது, திரும்பு" என்று அதற்கு அர்த்தம்.

சீன நாட்டு வீரர் ஜெங் டாவோவுக்கு இரண்டு கைகளும் இல்லை. மல்லாந்த நீச்சல் தொடங்கும்போது மற்றவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் ஒரு துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருப்பார். மணி அடித்ததும் விட்டுவிட்டுப் பாய்வார். பந்தயம் முடியும்போது தலையால் சுவரைத் தொடுவார். 2021-ம் ஆண்டு நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் அவர் 4 தங்கப் பதக்கங்கள் பெற்றார்.

பல்லால் கடிப்பது என்ன புதுமை என்று எண்ணூர், பழவேற்காட்டுப் பக்கத்து மக்கள் கேட்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களை அவர்கள் தினந்தோறும் பார்க்கிறார்கள். காரியம் நடக்க வேண்டும் என்றால் மனிதன் வழி கண்டுபிடித்துவிடுவான்!

பாடு தெரிந்தவர்களுக்கு இது புரியும்

தனி ஆள் மெட்லி போலவே, நாலு பேர் சேர்ந்து நீந்தும் மெட்லியும் உண்டு. ஒருவர் மல்லாந்த நீச்சல், ஒருவர் மார்பு நீச்சல், ஒருவர் பட்டாம்பூச்சி, ஒருவர் இஷ்ட நீச்சல். ஒருவர் சுவரைத் தொட்டதும் அடுத்தவர் குதிக்க வேண்டும்.

இதில் ஓர் அழகான விதி இருக்கிறது. நாலு பேருடைய வகுப்பு எண்களையும் கூட்டினால் 34-க்கு மேல் போகக் கூடாது.

குறை மிகக் குறைவாக உள்ள 10-ம் எண் வீரர்கள் நாலு பேரைச் சேர்த்தால் கூட்டல் 40 வந்துவிடும். அந்தக் குழு செல்லாது. 10, 10, 8, 6 என்று சேர்த்தால் 34. அது செல்லும். 9, 9, 8, 8 என்றாலும் சரி.

இதன் பலன் என்ன? குறை அதிகமாக உள்ளவரைக் குழு தேடிப் போகிறது! "உன்னால் என்ன முடியும்?" என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. "நீ வந்தால்தான் கணக்கு சரியாகும்" என்று அழைக்கிறார்கள்.

இந்த விதி பழவேற்காட்டு மீனவர்களுக்கு எளிதில் விளங்கும். அவர்களிடம் பாடு முறை இருக்கிறது.

ஏரியில் மீன் அதிகம் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று இந்த இடத்தில் வலை போட்டவர் நாளை அடுத்தவருக்கு விட வேண்டும். பலசாலிக்கே எல்லாம் என்ற பேச்சு கிடையாது. முறை வந்தவருக்கு இடம்.

பாட்டில் பங்கு இல்லாத ஏழை மக்களும் ஏரியில் பிழைக்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் குறையைத் தீர்ப்பது வேறு விஷயம். ஆனால், பங்கு போட்டு வாழத் தெரிந்த சமூகம் இது என்பதில் சந்தேகம் இல்லை. மீனுக்கு முறை வைக்கத் தெரிந்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கும் தண்ணீரில் ஒரு முறை வைக்க வேண்டாமா?

பள்ளிக்கூடம் செய்த காரியம்

சரத் கெய்க்வாட் எப்படி நீச்சலுக்கு வந்தார்?

அவருடைய பெற்றோர் நீச்சல் குளத்தைத் தேடி ஓடவில்லை. உண்மையில் அவர்கள் தயங்கினார்கள். கை சரியில்லாத பிள்ளையைத் தண்ணீரில் இறக்க எந்தப் பெற்றோருக்குத்தான் மனம் வரும்?

ஆனால் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. 4-ம் வகுப்புக்கு வந்த எல்லாப் பிள்ளைகளும் நீச்சல் கற்க வேண்டும். கட்டாயம்!

அந்தக் கட்டாயம்தான் அவரைத் தண்ணீரில் இறக்கியது. அந்தத் தண்ணீர் 2012-ம் ஆண்டு அவரை லண்டன் பாராலிம்பிக்குக்கு அழைத்துச் சென்றது. 2014-ல் 6 பதக்கங்களைக் கொடுத்தது. பிறகு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

அன்று, "பாவம், இந்தப் பையனுக்கு மட்டும் நீச்சல் வேண்டாம்" என்று விலக்குக் கொடுத்திருந்தால்? அது இரக்கம் போலத்தான் தோன்றியிருக்கும். ஆனால் இன்சியானில் இந்தியாவுக்கு அந்த 6 பதக்கங்கள் வந்திருக்காது.

இன்னும் சிலரைப் பாருங்கள்.

சுயாஷ் ஜாதவ், மகாராஷ்டிர மாநிலத்தவர். 11 வயதில் மின்சாரம் தாக்கியது. இரண்டு கைகளும் முழங்கைக்குக் கீழே போய்விட்டன. 2018-ம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் பட்டாம்பூச்சி நீச்சலில் தங்கம் வாங்கினார். 200 மீட்டர் மெட்லியில் வெண்கலம் வாங்கினார்.

முரளிகாந்த் பெட்கர், ராணுவ வீரர். 1965-ம் ஆண்டு யுத்தத்தில் குண்டடி பட்டவர். நீச்சல் அவருக்கு முதலில் வைத்தியமாக வந்தது. 1972-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

நம் தமிழ்நாட்டில் மாரியப்பன் தங்கவேலு இல்லையா? சேலம் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. 5 வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. உயரம் தாண்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வாத்தியார். 2016-ல் தங்கம், 2021-ல் வெள்ளி, 2024-ல் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கினார்.

இவர்களில் எவருக்கும் திறமை தானாக வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாத்தியார், ஓர் ஆஸ்பத்திரி, "நீயும் இறங்கு" என்று சொன்னது. அவ்வளவுதான்.

கடல் தெரியும், பந்தயம் தெரியாது

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு.

கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று எத்தனையோ மீனவர் குப்பங்கள். இங்கே ஆண் பிள்ளைகளுக்கு நீச்சலை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. படகிலிருந்து குதித்து அவர்களே கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த நீச்சல் உயிர் காக்கும் நீச்சல். அதைக் குறைவாகச் சொல்லக் கூடாது. ஆனால் பந்தய நீச்சல் வேறு.

கடலில் நீந்துகிறவன் தலையைத் தூக்கி வைத்துக்கொள்வான். அலை எங்கே, படகு எங்கே என்று பார்க்க வேண்டும் அல்லவா? பந்தயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். வேகம் குறைந்துவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை உள்ளேயே விட்டு, கணக்குப்படி வெளியே வந்து மூச்சு எடுக்க வேண்டும். இதைக் கடல் கற்றுக் கொடுக்காது. வாத்தியார்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

பட்டாம்பூச்சி நீச்சலும் அப்படித்தான். யாராவது செய்து காட்டாமல் அது வராது.

உடல் குறை இல்லாத பிள்ளை குதித்தாவது ஒரு நீச்சலைக் கற்றுக்கொள்கிறது. குறை உள்ள பிள்ளைக்கு அதுவும் கிடைப்பதில்லை. கூட்டாளிகள் ஏரியில் கும்மாளம் போடும்போது அந்தப் பிள்ளை வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, பட்டணத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாமா? வேளச்சேரியில் நல்ல நீச்சல் வளாகம் இருக்கிறது. ஆனால் பழவேற்காட்டிலிருந்து வேளச்சேரிக்குப் போக வேண்டுமானால் சென்னை நகரம் முழுவதையும் தாண்ட வேண்டும். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு நாள் கூலியை இழந்து, எந்தத் தாய் தினமும் போவாள்?

தாயின் பயம்

"எம் புள்ளைக்கு ஏற்கெனவே கால் சரியில்ல. தண்ணியில வேற எறக்கச் சொல்றீங்களே. ஏதாச்சும் ஆனா யார் பதில் சொல்றது?"

தாய் இப்படித்தான் கேட்பாள். அந்தப் பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. கடலோரத்துப் பெண்களுக்குத் தண்ணீரின் கோபம் தெரியும். 2004-ம் ஆண்டு சுனாமியைப் பார்த்தவர்கள் அவர்கள். 2011-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, பழவேற்காட்டுக்கு உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததையும் அவர்கள் மறக்கவில்லை.

ஆனால் அம்மா, ஒன்றை யோசித்துப் பாருங்கள்.

வீட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. பிள்ளையை எத்தனை நாள் காவல் காக்க முடியும்? நீச்சல் தெரியாத பிள்ளைக்குத்தான் தண்ணீரால் ஆபத்து அதிகம். 2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்றும் அந்த நிறுவனம் யோசனை கூறுகிறது.

இன்னொரு விஷயம். தரையில் நடக்கத் திணறும் பிள்ளைக்குத் தண்ணீர் ஒரு துணை. மார்பளவுத் தண்ணீரில் நின்றால், உடல் பாரத்தின் பெரும் பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். தரையில் தூக்க முடியாத காலைத் தண்ணீரில் அசைக்க முடியும். உவர்நீரில் உடம்பு இன்னும் கொஞ்சம் சுலபமாக மிதக்கும்.

"நீந்தினால் எல்லோருக்கும் பதக்கம் கிடைத்துவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். கிடைக்காது. நூறு பிள்ளைகள் கற்றால் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தாலே அதிகம்.

ஆனால் மற்ற 99 பிள்ளைகளுக்கும் உயிர்ப் பாதுகாப்பு கிடைக்கும். உடம்பில் பலம் வரும். அப்பாவோடு படகில் போக முடியும். "நீ வேண்டாம்" என்ற வார்த்தையை ஒரு தடவை குறைவாகக் கேட்கும். அது பதக்கத்தைவிடச் சின்ன விஷயமா?

என்ன செய்யலாம்?

கோடி கோடியாகப் பணம் வந்தால்தான் தொடங்க முடியும் என்பதில்லை.

முதலாவது, இடம். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம். அங்கே போகவே கூடாது. அதற்குத் தூரமாக, அடியில் சேறு குறைவாக உள்ள அமைதியான இடம் எது என்று பெரியவர்களுக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் வற்றும். மழைக்காலம் முடிந்து தை, மாசி மாதங்களில் தொடங்கலாம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று சுகாதார அதிகாரிகள் சோதித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பாதை. மூங்கில் கழி நட்டு, கயிறு கட்டி, வலை மிதவைகளைக் கோத்துவிட்டால் 25 மீட்டர் நீளத்துக்கு நீச்சல் பாதை தயார். மீனவர்களுக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் தெரியாத பிள்ளைக்குக் கயிறு வழி காட்டும். கரை நெருங்கும்போது தட்டிச் சொல்ல, நுனியில் துணி சுற்றிய ஒரு கழி போதும்.

மூன்றாவது, வாத்தியார். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியருக்கு நாலு நீச்சலிலும் பயிற்சி கொடுக்க வேண்டும். குப்பத்து வாலிபர்கள் இரண்டு பேர் எப்போதும் பக்கத்தில் காவல் நிற்க வேண்டும். ஒரு குறை உள்ள பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் என்ற கணக்கு இருக்க வேண்டும்.

நாலாவது, டாக்டர். தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் பார்க்க வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை, இருதயக் கோளாறு உள்ள பிள்ளை ஆகியோருக்கு டாக்டர் சொல்லே முடிவு. காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்குச் சிப்பி கிழித்தாலும் தெரியாது. ரத்தம் வந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காலில் ரப்பர் உறை போட்டு இறக்க வேண்டும். கரைக்கு வந்ததும் பாதத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, அவசரம் கூடாது. முதல் வாரம் முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடப் பழகட்டும். அடுத்து மிதக்கட்டும். மல்லாந்து மிதக்கக் கற்ற பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும். பிறகு ஒவ்வொரு நீச்சலாக வரட்டும்.

இவை எல்லாம் தொடக்கம்தான். ஏரியிலேயே கற்று மெட்லியில் ஜெயித்துவிட முடியாது. சுவரைத் தொட்டுத் திரும்பப் பழக வேண்டும். அதற்குக் குளம் வேண்டும். பொன்னேரி வட்டாரத்தில், சக்கர நாற்காலி இறங்கும் சரிவுப் பாதையோடு, 25 மீட்டர் நீளமுள்ள ஒரு பொது நீச்சல் குளம் அமைய வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம். கரையோரப் பிள்ளைகள் எல்லோரும் அதில் நீந்தட்டும். குறை உள்ள பிள்ளைகளுக்கு அதில் முதல் முறை கிடைக்கட்டும்.

குளம் வரும் வரையில், நன்றாக நீந்தும் பிள்ளைகளை மாதம் இரண்டு தடவையாவது சென்னைக்கு அழைத்துப் போக ஒரு வண்டி வேண்டும். கூடவே வரும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றையக் கூலி நஷ்டத்துக்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதத்தோடு நின்றுவிடும்.

சட்டம் இருக்கிறது

இது தர்மம் கேட்பது அல்ல. உரிமை கேட்பது.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் ஆண்டு இயற்றப்பட்டது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமலுக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சர்க்கார் பணம் பெறும் பள்ளிக்கூடங்களும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடங்களும், படிப்பில் மட்டும் அல்ல, விளையாட்டிலும் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. விளையாட்டில் அவர்கள் பங்கு பெற ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை என்றும் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? விளையாட்டு நேரம் வந்தால், "நீ இங்கே உட்கார்ந்து எல்லோருடைய சட்டையையும் பார்த்துக்கொள்" என்று சொல்லும் பள்ளிக்கூடங்கள் இன்னும் இருக்கின்றன. சொல்பவர் கெட்டவர் அல்ல. பிள்ளைக்கு அடிபட்டுவிடக் கூடாதே என்ற கவலைதான். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனானதும் எதை நினைவில் வைத்திருக்கும்? சட்டைக்குக் காவல் இருந்ததைத்தான்.

உதவித்தொகை கொடுக்கிறோம், மூன்று சக்கர வண்டி கொடுக்கிறோம், போதாதா என்று கேட்கலாம். அவை வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் பிள்ளைக்கு வயிறு மட்டும் இல்லையே! கூட்டாளிகளோடு குதிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டும், தோற்றாலும் நனைந்துகொண்டே சிரிக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறதே!

யார் தொடங்குவது?

குப்பத்துப் பெரியவர்களே! அடுத்த ஊர்க்கூட்டத்தில் மீன் விலை, வலை, முகத்துவாரத்து மணல் எல்லாம் பேசுவீர்கள். அதோடு இந்த விஷயத்தையும் ஐந்து நிமிடம் பேசுங்கள். நம் குப்பத்தில் உடல் குறை உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர்களே! அந்தப் பிள்ளைகளின் பெயரை விளையாட்டுப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள்.

தாய்மார்களே! பிள்ளையை இன்றைக்கே நடுக்கடலில் விடச் சொல்லவில்லை. முழங்காலளவுத் தண்ணீரில், உங்கள் கையைப் பிடித்தபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிற்க வைத்துப் பாருங்கள். பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். அதற்கு மேல் நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை.